சலவைக்கு வராதவள்

விசில் ஊத மூச்சுப் பற்றாத விளையாட்டு டீச்சரை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் என்னதான் செய்யும்? பிரசவ விடுப்பு முடிந்து நித்திலா வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அது நடந்தது. மைதானத்தில் கோகோ ஆட்டம். ஒரு பெண் கோட்டைத் தாண்டி ஓடினாள். நித்திலா விசிலை வாயில் வைத்து ஊதினாள். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி ஷூவுக்கு மேல் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"கொழந்தை பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் தலைமையாசிரியை. பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொன்னார். மரபினி நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தில் இருந்த டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அந்த மையத்துக்கு மாதம் ஒருமுறை மகள் வேனிலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எடை பார்ப்பார்கள், இதயத்தை ஸ்கேன் செய்வார்கள், கைதட்டிச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். எல்லாம் குழந்தைக்கு. தூக்கி வந்தவளைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"படுத்தா மூச்சு முட்டுதுங்க டாக்டர். மூணு தலகாணி வெச்சுச் சாஞ்சாத்தான் கண்ணு மூட முடியுது" என்று அவளாகவே ஒருநாள் சொன்னாள்.

"பால் குடுக்கறீங்கல்ல, சோர்வாத்தான் இருக்கும். கீரை நிறையச் சேர்த்துக்கோங்க" என்றார் அவர், திரையில் தெரிந்த வேனிலின் இதயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர்கள் மரபினியைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. நித்திலாவின் கணவன் யுகேந்திரன் குடும்பத்தில் பரம்பரையாக இதயத் தசை நாளாக ஆகத் தளர்ந்துபோகும் நோய். அவன் அப்பாவும் அண்ணனும் நாற்பதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். தனக்கும் அந்த மரபணு இருப்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே யுகேந்திரன் சொல்லிவிட்டான். தெரிந்தேதான் நித்திலா அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் தன் பிள்ளைக்கு அது வருவதை அவளால் ஏற்க முடியவில்லை. மரபினி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி, பழுதான இதயத் தசையைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் குழந்தைகளை உருவாக்கிக் கொடுத்தது. அப்படிப் பிறந்தவள்தான் வேனில். குழந்தை கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. பெற்றவள்தான் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் பள்ளி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், எழவில்லை. சக ஆசிரியைகள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே இதயப் பிரிவில் டாக்டர் ஆக்னஸ் என்பவர் அவளைப் பார்த்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். நித்திலாவின் வீங்கிய காலை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தவர், அந்தக் குழி மறைவதற்குள் ஸ்கேன் அறைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

"உங்க இதயம் பாதி வேலை கூடச் செய்யலை" என்றார். "கர்ப்பத்தோட கடைசியிலயும் பிரசவத்துக்கு அப்புறமும் சில பெண்களுக்கு இப்படி ஆகும். இதயம் வீங்கித் தளர்ந்துடும். எத்தனை பேர் இதுலயே போறாங்க தெரியுமா? புள்ள பெத்த உடம்புன்னு சொல்லியே விட்டுடறாங்க."

மாத்திரைகள் கொடுத்தார். ஓடாதே, உப்பைக் குறை, இனி ஒரு கர்ப்பம் வேண்டாம் என்றார். மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கும், முழுசாகக் கேட்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆனால் முழுசாகக் கேட்டது. வேனில் நடக்கத் தொடங்கியபோது நித்திலாவும் நடந்தாள். குழந்தை ஓடத் தொடங்கியபோது அவளும் பின்னாலேயே ஓடினாள். ஸ்கேனைப் பார்த்த ஆக்னஸுக்கே நம்பிக்கை வரவில்லை. அனுமதி கேட்டு, இதயத்திலிருந்து கடுகளவு தசை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நித்திலாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"இந்தத் தசையில பாதி உங்களோடது. மீதி உங்க பொண்ணோடது."

நித்திலாவுக்குப் புரியவில்லை. "எம் பொண்ணோடது எப்படிங்க என்ர நெஞ்சுக்குள்ள இருக்கும்?"

"கருவுல இருக்கறப்ப குழந்தையோட செல் கொஞ்சம் நச்சுக்கொடியைத் தாண்டி அம்மா ரத்தத்துல கலந்துடும். எல்லாத் தாய்க்கும் நடக்கறதுதான். பிரசவத்துக்கு அப்புறமும் பல வருஷம் அங்கயே குடியிருக்கும். உங்க பொண்ணோட செல்லுக்குப் பழுது பார்க்கத் தெரியும். பழுதான இடத்தைப் பார்த்துச்சு, வேலையை ஆரம்பிச்சிடுச்சு. அவ்வளவுதான்."

"அப்ப வேனில்கிட்டயும் இந்தச் செல்லு நிறைய இருக்குமுங்களா?"

"இருக்காது. கருவா இருக்கும்போது மட்டும் உண்டாகற செல் இது. பிறந்த பிறகு குழந்தைகிட்ட இருக்கறது முதிர்ந்து தசையாவும் எலும்பாவும் மாறிடும். மாறாம மிச்சம் இருக்கற ஒரே இடம் அம்மா உடம்புதான்." ஆக்னஸ் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் இருக்கு. ஆண் செல்லும் கொஞ்சம் தெரியுது. இதுக்கு முன்னாடி கர்ப்பமா இருந்தீங்களா?"

நித்திலா மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான மறுவருடம் தானாகத் தங்கிய கரு அது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. பையன் என்று மட்டும் சொன்னார்கள். பேர் வைக்கவில்லை. வீட்டில் அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை, அவளும் திறந்ததில்லை.

"அவன் இன்னும் இருக்கானுங்களா டாக்டர்?"

"செல்லாத்தான் இருக்கான். ஆனா இருக்கான்."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், உக்கடம் நிறுத்தம் தாண்டும் வரை நெஞ்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அடுத்த சில மாதங்களில் மரபினியிலிருந்து ஹரிவர்தன் என்ற இளைஞன் வீட்டுக்கு வந்தான். குடும்பத் தொடர்பு அலுவலர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். கையில் பழக்கூடை, முகத்தில் நல்ல பையன் களை. வேனிலைத் தூக்கிக் கொஞ்சினான். டாக்டர் ஆக்னஸ் ஒரு மாநாட்டில், பேர் சொல்லாமல் ஒரு தாயின் இதயம் குணமானதைப் பற்றிப் பேசியதாகவும், அந்தத் தாய் யாரென்று தங்களுக்குத் தெரிந்துவிட்டதாகவும் பணிவாகச் சொன்னான்.

"உங்க உடம்புல எங்க மரபணு இருக்கு மேடம். அது குழந்தைக்காகச் செஞ்சது. ஒரு உடம்புக்குத்தான் உரிமம். மத்த இடத்துல இருந்தா எடுத்துடணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

"எடுக்கறதுன்னா?"

"சுத்திகரிப்பு மேடம். ஒரே நாள் வேலை. முதல்ல ஒரு ஊசி போடுவாங்க. தசையில ஒட்டியிருக்கற வேத்துச் செல் எல்லாம் கழண்டு ரத்தத்துக்கு வந்துடும். அப்புறம் ரத்தத்தை மெஷின் வழியா ஓட்டி, அதை மட்டும் பிரிச்சுட்டு, மீதியைத் திருப்பி உள்ள விட்டுடுவாங்க. மத்த அம்மாக்களும் ஒவ்வொருத்தரா வந்துட்டு இருக்காங்க."

"என்ர இதயத்துல பாதி அதுதானுங்களே. அது கழண்டு வந்துட்டா மீதி என்னாகும்?"

"மாத்திரை இருக்கே மேடம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாங்க உங்க நல்லதுக்கும்தான் சொல்றோம். பெரியவங்க உடம்புல இந்தச் செல் நாளைக்கு எப்படி நடந்துக்கும்னு யாருக்கும் தெரியாது. புற்றுநோயாக்கூட மாறலாம்." பிறகு யுகேந்திரன் பக்கம் திரும்பினான். "சாருக்கு ஒரு நல்ல செய்தி. பெரியவங்களுக்கான இதய சிகிச்சை ஒண்ணு தயாராகிட்டு இருக்கு. உங்க குடும்ப நோய்க்குன்னே செஞ்ச மாதிரி. மேடம் ஒத்துழைச்சாங்கன்னா முதல் ஆட்கள்ல உங்க பேரையும் சேர்த்துடுவோம்."

யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஓடியதை நித்திலா பார்த்தாள். சாகத் தேதி குறித்துவிட்டவனிடம் அந்தத் தேதியை அழித்துவிடலாம் என்று சொன்னால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது.

"முடியாதுங்க" என்றாள் நித்திலா.

அவள் ஊர்ப்பேச்சின் மரியாதையில் அது மறுப்பு என்பதே ஹரிவர்தனுக்கு உடனே உறைக்கவில்லை. "எந்தத் தேதி முடியாது மேடம்?" என்று கேட்டான்.

"எந்தத் தேதியும் முடியாதுங்க."

"தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வரும்."

"போலாமுங்க. பழத்தை எடுத்துக்கங்க, மறந்துறப் போறீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை யுகேந்திரன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நித்திலா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்குள்ளிருந்து, அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடத்திலிருந்து, அவன் பேசினான்.

"ஒருதடவை அந்த ஆக்னஸ் டாக்டரைக் கேட்டுப் பாத்தா என்ன, நித்தி? அந்தச் செல்லை எடுத்துட்டு மாத்திரையில சமாளிக்க முடியுமான்னு."

"கேட்டேனுங்க. முடியாதுன்னுட்டாங்க."

"புற்றுநோய் வரும்னு வேற சொல்றானே."

"அதையும் கேட்டேன். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆறு மாசத்துக்கு ஒருதடவை பாத்துக்கலாம்னாங்க. அது என்ர ஒடம்பு. வந்தா நான் பாத்துக்கறேன்."

தேய்க்கும் சத்தம் நின்றது. "எனக்கு முப்பத்தாறு ஆச்சு. அண்ணனை விட நான் இப்பப் பெரியவன், தெரியுமா? அவனைத் தூக்கிட்டுப் போறப்ப அவன் மகனுக்கு ரெண்டு வயசு. நம்ம வேனிலுக்கு இப்ப அதுக்கு மேல ஆச்சு."

"அதுக்காக என்னைக் குடுத்துட்டு உங்களை வாங்கிக்கலாம்ங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலை."

"அப்படித்தான் சொல்றீங்க. தொட்டிக்குள்ள இருந்து சொல்றதால சின்னதாக் கேக்குது." அவள் குழாயை மூடினாள். "இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. அந்த மெஷினுக்கு ஆள் பாத்துப் பிரிக்கத் தெரியாது. வேத்துச் செல்லு எல்லாத்தையும் அள்ளிரும். மொதப் பையன் செல்லும் என்ர நெஞ்சுல இருக்குதாம். அவனும் போயிருவான்."

தொட்டிக்குள்ளிருந்து அவன் தலை மட்டும் மேலே வந்தது. முகமெல்லாம் பாசி. "எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி உள்ளே குனிந்துகொண்டான்.

பராமரிப்பு மையத்தின் வரிசையில் நித்திலாவுக்குப் பழக்கமானவள் ரஷீதா. அவள் மகள் ஹஸ்னாவும் வேனிலும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். வரிசையில் நிற்கும்போதெல்லாம் ஓயாமல் பேசிச் சிரிக்க வைப்பாள். சில மாதங்களாகக் குழந்தையை அவள் கணவன் மட்டும்தான் தூக்கி வந்தான். அவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நித்திலா கரும்புக்கடைப் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். வண்டி ஓட்ட யுகேந்திரனும் வந்தான்.

மாடியில் இருந்த கட்டிலை இறக்கி முன்னறையில் போட்டிருந்தார்கள். ரஷீதாவால் இப்போது படி ஏற முடியாது. தலையணைகளை முதுகுக்கு அடுக்கிச் சாய்ந்திருந்தவளைப் பார்த்ததும், தன்னுடைய பழைய நாட்களை வேறொருத்தி வாழ்ந்துகொண்டிருப்பது போல நித்திலாவுக்கு இருந்தது.

"என்னை வெளுத்து அனுப்பிட்டாங்கக்கா" என்றாள் ரஷீதா. சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. "சலவைக்குப் போட்ட துணி மாதிரி. போறப்ப நல்லாத்தான் இருந்தேன். எனக்கும் இதயக் கோளாறு இருந்திருக்கு, ஹஸ்னா செல்லு வந்து தாங்கிட்டு இருந்திருக்கு. அதுகூடத் தெரியாமப் போய்ப் படுத்தேன். எடுத்தப்புறம்தான் தெரிஞ்சது, எது என்னைத் தாங்கிட்டு இருந்துச்சுன்னு."

"உனக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா?"

"பாப்பாவுக்கு நல்லதுன்னாங்க. இவரு கையெழுத்துப் போட்டாரு." வாசலில் நின்ற கணவனைக் கண்ணால் காட்டினாள். அவன் அறைக்குள் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யுகேந்திரன் நின்றான்.

ரஷீதா மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "ஒண்ணு கேக்கணும்க்கா. நீங்க படிச்சவங்க. கெட்ட செல்லு, அழிச்சுடறோம்னுதானே சொன்னாங்க? மெஷின்ல இருந்து அதைப் பை பையாப் பிடிச்சு, ஐஸ் பெட்டியில அடுக்கினாங்க. நான் அரை மயக்கத்துல பாத்துட்டே இருந்தேன். தம்பி ஆட்டாமத் தூக்கு, குலுங்கினா வீணாயிரும்னு ஒருத்தர் சத்தம் போடறாரு. குப்பையில போடற சாமானை யாராச்சும் ஆட்டாமத் தூக்குவாங்களா?"

நித்திலா திரும்பிப் பார்த்தாள். வாசலில் யுகேந்திரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பொத்தான்மேல், நெஞ்சின்மேல் போயிருந்தது.

தீர்ப்பாயத்தில் மரபினியின் வழக்கறிஞர் நல்ல தமிழில், நிதானமாக வாதாடினார். தலைவர் இடத்தில் வயதான நீதிபதி ஒருவர், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வழக்கில் உணர்ச்சிக்கு இடமில்லை, ஐயா. மரபணுச் சோதனை முடிவு உங்கள் முன்னால் இருக்கிறது. இந்த அம்மாவின் உடலில் இருக்கும் செல்கள் இவருடையவை அல்ல. முழுக்க முழுக்க வேனில் என்ற குழந்தையுடையவை. இவர் ஒரு கொள்கலன் மட்டுமே. கொள்கலன், உள்ளே இருப்பதற்கு உரிமை கொண்டாட முடியாது."

நித்திலாவின் வழக்கறிஞர் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

தலைவர் தலையசைத்தார்.

"அந்தச் செல்லு என்னோடது இல்லைங்கறீங்க. சரிங்க. எம் பொண்ணோடதுங்களா?"

"ஆமாம்" என்றார் மரபினியின் வழக்கறிஞர்.

"உங்க கம்பெனியோடது இல்லீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தொழில்நுட்பம் எங்களுடையது. செல் குழந்தையுடையது."

"அப்ப அவகிட்ட அல்லங்களா கேக்கணும்? அவ வெளிய கூடத்துல பலூனை வெச்சு விளையாடிட்டு இருக்கறா. போய்க் கேளுங்க. கண்ணு, உன்ர செல்லை உங்கம்மா நெஞ்சுல இருந்து பிச்சு எடுத்துக்கலாமான்னு கேளுங்க. அதெல்லாம் சின்னக் கொழந்தைக்குத் தெரியாதுன்னு சொல்வீங்க. தெரியற வயசு வரட்டும், அதுவரைக்கும் அவளுக்குக் கார்டியன் நான். அவளுக்காக நான் சொல்றேன், முடியாதுங்க." குரல் ஏறியது. மூச்சு வாங்கவில்லை. "இன்னொருத்தனும் என்கிட்ட இருக்கறான். அவனை உங்க கம்பெனி செய்யலை. அவனைப் பத்தி உங்க ஒப்பந்தத்துல ஒரு வரி கிடையாது. அவனையும் சேத்து அள்ளிட்டுப் போக யாருங்க உங்களுக்கு உரிமை குடுத்தது?"

தலைவர் கன்னத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கறிஞரும் சளைக்கவில்லை. ஒரு புன்னகையோடு மறுபக்கம் திரும்பினார்.

"பாதுகாவலர் சொல்ல வேண்டும் என்கிறார். ஏற்கிறோம். தந்தையும் பாதுகாவலர்தான், ஐயா. அவர் இங்கே இருக்கிறார். அவர் சம்மதித்தால், மேற்கொண்டு என்ன செய்வது என்பதைத் தீர்ப்பாயமே முடிவு செய்யலாம்."

எல்லோரும் யுகேந்திரனைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த ஹரிவர்தன், தைரியம் சொல்வது போல மெல்லத் தலையசைத்தான். நித்திலா மட்டும் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று தோன்றியது. கெஞ்ச அவளுக்கு இஷ்டமில்லை.

யுகேந்திரன் எழுந்து நின்றான். "எனக்கு ஒரு சந்தேகமுங்க ஐயா. பெரியவங்களுக்கான மருந்து ஒண்ணு இருக்குது, நான் பொழைச்சுக்குவேன், எங்க வீட்டுல ஒத்துக்கிட்டா எனக்குத் தருவோம்னு இவங்க சொன்னாங்க. அந்த மருந்தை எதுல இருந்துங்க செய்யறாங்க?"

"அது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாத கேள்வி" என்றார் வழக்கறிஞர்.

"தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் தலைவர். "பதில் சொல்லுங்கள். எதிலிருந்து?"

"அது நிறுவனத்தின் வணிக ரகசியம், ஐயா."

"கரும்புக்கடையில ஒரு பொண்ணு படுத்திருக்குதுங்க" என்றான் யுகேந்திரன். "அந்தப் பொண்ணுகிட்ட இருந்து எடுத்ததை ஐஸ் பெட்டியில வெச்சு, குலுங்காமத் தூக்கிட்டுப் போனாங்களாம். கருவா இருக்கறப்ப உண்டாகற செல்லு, அம்மாக்கள்கிட்ட மட்டும்தான் மிச்சம் இருக்குமாம். அப்ப எனக்குக் குடுக்கறதாச் சொன்ன மருந்து என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க." அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "இவங்க ரகசியம் இவங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு அந்த மருந்து வேண்டாம். வேனிலோட அப்பனா நானும் சொல்றேன், முடியாதுங்க."

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. செல்கள் குழந்தையுடையவை என்று மரபினியே ஒப்புக்கொண்டதால், குழந்தைக்குப் பதினெட்டு வயதாகி அவளே முடிவெடுக்கும் வரை தாயின் உடலைத் தொட நிறுவனத்துக்கு உரிமையில்லை. மற்றத் தாய்மார்களிடமிருந்து எடுத்தவை எங்கே, என்ன ஆயின என்பதற்கும் மரபினி பதில் சொல்ல வேண்டும். அது வரை ஒருவருக்கும் சுத்திகரிப்பு கூடாது.

வெளியே வராந்தாவில் ஹரிவர்தன் யுகேந்திரனிடம் வந்தான். "சார், உங்க பேரை எடுத்துட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றான். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தான்.

"தெரியுமுங்க தம்பி" என்றான் யுகேந்திரன். நித்திலா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தொட்டி கழுவிய நாளுக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

தீர்ப்பின் நகலை இரண்டு தரம் படித்த டாக்டர் ஆக்னஸ், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "செல் குழந்தையோடதுன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப அதைத் தானமாக் குடுக்கறதும் குழந்தையோட உரிமை. கார்டியன் சம்மதிச்சாப் போதும். உங்க இதயத்தைத் தொட மாட்டேன். ரத்தத்துல சும்மா சுத்திட்டு இருக்கறதுல கொஞ்சூண்டு எடுத்து, இங்கயே வளர்த்துக்குவேன். மெஷின் கொள்ளையடிக்க வேண்டியதில்லை."

மருத்துவமனையின் குழுக்கள் அனுமதி தர மாதக்கணக்கில் ஆயின. அதற்குள் நித்திலா மற்றத் தாய்மார்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருத்தி, கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி. சுத்திகரிப்புக்கு இன்னும் போகாதவர்கள் எல்லோரும் வந்து ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார்கள். மரபினி ஆளுக்கொரு எச்சரிக்கை அனுப்பியது. வாங்கிப் படித்துவிட்டு மறுபடி வந்தார்கள்.

பொருத்தம் பார்த்ததில், வேனிலின் செல் யுகேந்திரனுக்குப் பாதி பொருந்தியது. அப்பன் அல்லவா. ரஷீதாவுக்கோ, எந்த உறவும் இல்லாமலே, அதைவிட நன்றாகப் பொருந்தியது. முதலில் வளர்ந்து வரப்போவது ஒருவருக்குத்தான் போதும் என்றார் ஆக்னஸ். அடுத்ததற்கு ஒரு வருடமாவது ஆகும். ஒரு வருடத்தில் யுகேந்திரனின் இதயம் எப்படியிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ரஷீதாவுக்கு ஒரு வருடம் இல்லை என்பதை மட்டும் சொல்ல முடிந்தது.

நித்திலா வாயைத் திறப்பதற்குள் யுகேந்திரன் பேசிவிட்டான். "மொதல்ல அவங்களுக்குக் குடுத்துருங்க டாக்டர். நான் காத்திருக்கறேன்."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று வெளியே வந்ததும் நித்திலா கேட்டாள்.

"பயமாத்தான் இருக்குது" என்றான். வேனிலைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். "இருந்துட்டுப் போகட்டும்."

ரத்தம் எடுக்கும் நாளன்று தாய்மார்கள் நடையோர பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரஷீதாவின் கணவன் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, அவர்கள் நடுவில் நிறுத்திவிட்டு, இந்தத் தடவை அவள் பக்கத்திலேயே நின்றான். நித்திலா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். பதிவு மேஜையில் இருந்த நர்ஸ் தலை நிமிராமலே கேட்டார்.

"தானம் குடுக்கறவங்க பேரு?"

"வேனில்."

"வயசு?"

"நாலு நடக்குதுங்க."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க யாரும்மா?"

"அவளைப் பெத்தவ" என்றாள் நித்திலா. "ஊசியை எனக்குப் போடுங்க."